விலைக்கு வாங்கிய துறவு

துறவு, நோன்பு, ஏழ்மை என்னும் சொற்கள் திருச்சபையின் பழஞ்சொத்து. எகிப்தின் பாலைநிலத் தந்தையர் காலந்தொட்டு, தம் உடைமையையும் உடலையும் உயிரையும் கொடுத்து அச்சொற்களுக்குப் பொருள் சேர்த்தவர்கள் எண்ணற்றோர். அவை இன்று நிழற்பட ஆர்வலர்களின் பேச்சில் தாராளமாகப் புழங்குகின்றன. தாம் நெடுங்காலம் கையாண்ட ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவையும் அதற்குரிய லென்ஸ்களையும் விற்றுவிட்டு, லென்ஸைக் கழற்றவே முடியாத, கறுப்பு-வெள்ளையில் மட்டுமே படமெடுக்கும் டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்குகிறவர்கள், தம் செயலை ஒரு துறவறப் புகுநிலை போலவே விவரிக்கிறார்கள். வண்ணங்களைத் துறந்தார்களாம், லென்ஸ்களைத் துறந்தார்களாம், கண்கள் நோன்பிருக்கின்றனவாம். வணிகர்களுக்கு இப்பேச்சு இனிக்கத்தானே செய்யும்! நம் பங்குகளிலும் நல்ல படமெடுக்கத் தெரிந்த பொதுநிலையினர் பலர் இருக்கின்றனர். அவர்களிடையேயும் இப்பேச்சு பரவுவதால், இதைப் பற்றி வெளிப்படையாகச் சில சொல்ல வேண்டியுள்ளது.

காமிராவை மாற்றுவது குற்றமென்று நாம் கூறவில்லை. அம்மாற்றத்துக்குச் சூட்டப்படும் பெயரைத்தான் மறுக்கிறோம். துறந்ததாகச் சொல்லப்படும் இரண்டும், அதாவது வண்ணமும் பல லென்ஸ்களும், விடுவதற்கு எளியவை. மூன்றாவதாக ஒன்று ஓசையின்றிக் கைவிடப்படுகிறது. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அந்த மூன்றாவதே பழைய கருவியின் உயிராயிருந்தது.

அது என்னவென்று விளங்க, கருவியின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்கர் பர்னாக் ஆஸ்துமா நோயால் துன்புற்றவர். கண்ணாடித் தகடுகளோடு கூடிய பெரிய காமிராவை மலைப்பாதைகளில் சுமந்து செல்ல அவரால் இயலவில்லை. எனவே திரைப்படச் சுருளையே பயன்படுத்தும் கையடக்கமான கருவி ஒன்றை முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் உருவாக்கினார். 1925-இல் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் 'லைக்கா' என்ற பெயரில் அது உலகின்முன் வைக்கப்பட்டது. 1932-இல் வந்த மாதிரியில், தொலைவை அளக்கும் அமைப்பு லென்ஸோடு இணைக்கப்பட்டது. 1954-இல் வந்த எம்3 என்னும் மாதிரியில், பார்ப்பதும் அளப்பதும் ஒரே சாளரத்துக்குள் வந்து சேர்ந்தன. ஒரு நோயாளியின் மூச்சுத் திணறலில் பிறந்த கருவி, ஒரு நூற்றாண்டின் முகங்களைப் பதிவு செய்தது.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் தொலைவு காண்பது என்று பொருள். காமிராவின் முன்பக்கத்தில் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் இடைவெளியில் இரு சிறு சாளரங்கள் இருக்கும். இரண்டின் வழியாகவும் எதிரேயுள்ளவரின் உருவம் உள்ளே வரும். நாம் கண்ணை வைத்துப் பார்க்கையில், நடுவேயுள்ள சிறு கட்டத்தில் அவருடைய முகம் இரண்டாகத் தெரியும். ஒன்றின்மேல் ஒன்று படியாமல் விலகி நிற்கும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, அவ்விரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வரும். இரு மூக்குகளும் ஒரு மூக்காகி, இரு விழிகளும் ஒரு விழியாகும் அந்தக் கணத்தில், வளையத்தின்மேல் ஓர் எண் நிற்கும். ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் என்று. நமக்கும் அவருக்கும் இடையே உள்ள தொலைவு அதுதான். இரு கண்களின் வேறுபட்ட காட்சிகளைக் கொண்டு மனிதர் தொலைவை உணர்வதும் இம்முறையிலேயே. ஆகவே ஒவ்வொரு படத்துக்கு முன்பும், 'இவர் எனக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறார்?' என்ற கேள்விக்குப் படமெடுப்பவர் தம் கையாலேயே விடை கண்டாக வேண்டும். வேறு வழி கிடையாது.

இக்கருவிக்கு எல்லைகளும் உண்டு. பெரும்பாலான பழைய லென்ஸ்கள் ஒரு மீட்டருக்கோ 0.7 மீட்டருக்கோ உள்ளே அளக்க மறுத்துவிடும். மறுபுறம், 135 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தொலைநோக்கி லென்ஸ்களோடு இது ஒத்துழைப்பதில்லை. மிக அருகே போய் ஒருவருடைய தோலின் துளைகளைத் துருவவும் முடியாது. தெருக்கோடியில் ஒளிந்து நின்று ஒருவருடைய கண்ணீரைத் திருடவும் முடியாது. இருவர் நின்று பேசக்கூடிய தொலைவே இக்கருவி இயல்பாக இயங்கும் வெளி. மேலும், இதன் சாளரத்தில் தெரிவது லென்ஸ் காணும் காட்சி அன்று. வெறும் கண்ணாடி வழியே தெரியும் உலகம். படத்தில் விழப்போகும் பகுதி அதனுள் ஒளிக்கோடுகளால் குறிக்கப்பட்டிருக்கும். கோட்டுக்கு வெளியே நிற்பவர்களும் நம் கண்ணுக்குத் தெரிவார்கள். யாரை உள்ளே சேர்க்கிறோம், யாரை வெளியே விடுகிறோம் என்பதை அறிந்தே விசையை அழுத்துகிறோம்.

லூக்கா நற்செய்தியில் நல்ல சமாரியர் உவமையை எத்தனை ஞாயிறுகளில் கேட்டிருக்கிறோம்! அதில் ஒரு நுட்பத்தை மறையுரைகள் விரைந்து கடந்துவிடுவதுண்டு. அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் பார்த்தார்; லேவியரும் பார்த்தார்; சமாரியரும் பார்த்தார். பார்வையில் மூவரும் சமம். குருவும் லேவியரும் அந்த மனிதனுக்கும் தமக்கும் இடையே உள்ள தொலைவைக் கூட்டிக்கொண்டு, விலகி மறுபக்கமாகச் சென்றனர். சமாரியர் அதைக் குறைத்தார். எண்ணெயும் திராட்சை மதுவும் சத்திரமும் தெனாரியமும் எல்லாம் அதற்குப் பின்னர் வந்தவை. 'எனக்கு அடுத்திருப்பவர் யார்?' என்று திருச்சட்ட அறிஞர் கேட்ட கேள்வியே தொலைவைப் பற்றியதுதான். ஆண்டவர் அதற்கு விடையாக ஓர் அளவுகோலைத் தரவில்லை. நெருங்கிச் சென்ற ஒருவரைக் காட்டினார்.

இவ்விடத்தில் ஒருவர் எழுந்து கேட்கலாம்: தெருவில் படமெடுத்த மேதைகள் ஒவ்வொரு முகத்தையும் அளந்துகொண்டா இருந்தார்கள்? வளையத்தை மூன்று மீட்டரில் முன்னதாகவே வைத்துவிட்டுப் போகிறபோக்கில் எடுத்தவர்களல்லவா அவர்கள்? உண்மைதான். ஆனால், அளக்காமல் எடுக்கும் அளவுக்கு அளவு அவர்களுடைய உடம்பில் ஊறியிருந்தது என்பதே அதன் பொருள். ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸோடு கழித்தவர். அவருடைய லைக்காவில் லென்ஸை மாற்ற முடியும். அவர் பெரும்பாலும் மாற்றவில்லை. 1948 சனவரி 30 அன்று, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்துப் படமெடுத்தார். 1950 ஏப்ரலில் இரமண மகரிஷி மறைந்த நாட்களில் திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார். இறந்துகொண்டிருக்கும் ஒரு துறவிக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம் என்பதை அவருக்கு எந்த இயந்திரமும் கணக்கிட்டுச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு அவருடையதாகவே இருந்தது.

இனிப் புதிய கருவிக்கு வருவோம். அதன் நற்பண்புகளை மறைப்பது நேர்மையாகாது. சாதாரண டிஜிட்டல் காமிராவில், ஒளியை வாங்கும் சென்சாருக்கு இயல்பாக நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, அதன் ஒவ்வொரு புள்ளியின்மீதும் சிவப்போ பச்சையோ நீலமோ ஆகிய ஒரு வடிகட்டி வைக்கப்படுகிறது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். ஒவ்வொரு புள்ளியும் மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே உண்மையாக அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிடம் கேட்டு, கருவி கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. கறுப்பு-வெள்ளைக் காமிராவில் இவ்வடிகட்டிகள் அகற்றப்படுகின்றன. அதனால் கூடுதல் ஒளி உள்ளே வருகிறது. ஊகக் கணக்கு ஒழிகிறது. துணியின் இழையும் நரைமுடியும் வியப்பூட்டும் தெளிவோடு பதிகின்றன. மங்கிய விளக்கொளியிலும் படம் சிதைவதில்லை. வண்ணக் கோப்பைப் பின்னர் கணினியில் கறுப்பு-வெள்ளையாக்கும்போது, வானத்தை இருட்டாக்கலாம், முகத்தை வெளுப்பாக்கலாம், மனம் மாறினால் மீண்டும் வண்ணத்துக்கே திரும்பலாம். இங்கு அது செல்லாது. வானம் கருக்க வேண்டுமானால் ஆரஞ்சு அல்லது சிவப்புக் கண்ணாடியை முன்கூட்டியே லென்ஸின்முன் பொருத்த வேண்டும். ஒளி மிகுந்து வெளுத்துப்போன இடத்தை மீட்க வழியே இல்லை. முடிவு முன்னதாகவே எடுக்கப்பட வேண்டும். எடுத்தபின் மாற்ற இயலாது.

இதைக் கொண்டுதான் நம் அன்பர்கள் தம் வலுவான வாதத்தைக் கட்டுகிறார்கள். திரும்ப முடியாத முடிவுதானே வார்த்தைப்பாடு என்கிறார்கள். புனித தாமஸ் அக்குவினாஸையும் துணைக்கழைக்கிறார்கள். ஒரு நற்செயலை வெறுமனே செய்வதைவிட வார்த்தைப்பாட்டின்படி செய்வது மேலானது என்றும், கனியை மட்டும் தருபவரைவிட மரத்தையே தருபவர் அதிகம் தருகிறார் என்றும் அப்புனிதர் விளக்கியிருப்பது உண்மையே. வண்ணக் காமிராவை வைத்துக்கொண்டு அவ்வப்போது கறுப்பு-வெள்ளையில் எடுப்பவர் கனியைத் தருகிறாராம். வண்ணமே தெரியாத காமிராவை வாங்குபவர் மரத்தைத் தருகிறாராம்.

அழகான வாதந்தான். ஆனால் யாருக்குத் தருகிறார்? திருச்சபைச் சட்டத்தின்படி, வார்த்தைப்பாடு என்பது மேலான ஒரு நன்மையைக் கடவுளுக்கு வாக்களிப்பது. இங்கே மரத்தைப் பெறுகிறவர் ஒருவருமில்லை. மரம் இன்னொரு மரமாக மாறி அதே தோட்டத்தில் நிற்கிறது. ஓராண்டு கழித்துச் சலித்துப்போனால் விற்றுவிடலாம். பழைய காமிராச் சந்தையில் இவற்றுக்கு நல்ல விலை உண்டு. அதுவரைக்கும் இந்தத் துறவியின் சட்டைப்பையில் வண்ணப் படமெடுக்கும் செல்பேசி ஒன்று உறங்காமல் காத்திருக்கிறது. பேத்தியின் பட்டுப்பாவாடையையும் பங்குத் திருவிழாத் தேரையும் அதில் எடுத்துக்கொள்வார். ஒரு சந்நியாசி தம் காவியுடைக்குள் மாற்று வேட்டியும் வைத்திருப்பதை நாம் எப்படி அழைப்போம்?

லென்ஸ் விஷயத்திலும் இதே கதைதான். 2020 நவம்பரில் வெளியான லைக்கா க்யூ2 மோனோகுரோம் என்னும் காமிராவையே எடுத்துக்கொள்வோம். இவ்வகைக்கு அதுவே பெயர் பெற்றது. அதில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருப்பது 28 மில்லிமீட்டர் லென்ஸ். அகன்ற பார்வையுடைய லென்ஸாதலால், ஒருவரை நிறைவாகப் படமெடுக்க அவரை நோக்கி நடந்தே ஆக வேண்டும், நடையே அதன் தவம், என்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. அக்காமிராவிலேயே ஒரு பொத்தானை அழுத்தினால் 35, 50, 75 மில்லிமீட்டர் சட்டங்கள் தோன்றும். 4 கோடியே 70 இலட்சம் புள்ளிகளிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் கருவியே கத்தரித்துத் தந்துவிடும். கால் நடக்க வேண்டிய இடத்தில் விரல் நடக்கிறது. முன்கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிந்துவிட்டதாகச் சொல்லி, பின்கதவைத் திறந்து வைத்த துறவு இது.

இன்னொன்றும் உண்டு. வண்ணத்தை மட்டும் துறக்க விரும்பியவருக்கு ரேஞ்ச்ஃபைண்டரை விடவேண்டிய தேவையே இருந்ததில்லை. கறுப்பு-வெள்ளையில் மட்டும் படமெடுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் டிஜிட்டல் காமிராவை அதே நிறுவனம் 2012-இலேயே வெளியிட்டது. அதன் வழித்தோன்றல்களும் வந்துள்ளன. ஒரே லென்ஸோடு வாழ விரும்பியவருக்கோ எந்தக் காமிராவும் தடை சொல்லவில்லை. அவ்வாறிருக்க, இந்த மாற்றத்தில் உண்மையாகவே மாறுவது எது? ஆட்டோஃபோகஸ். முகம் எங்கிருக்கிறது என்று கருவி தேடுகிறது; கண்டுபிடிக்கிறது; தொலைவைத் தானே அளந்து முடிக்கிறது. இருவர் அருகருகே நின்றால் எவருடைய விழி முதன்மையானது என்பதையும், நாம் தடுக்காவிட்டால், அதுவே தீர்மானித்துவிடுகிறது. இரண்டாகத் தெரிந்த முகத்தை ஒன்றாக்கும் அந்த இரண்டு மூன்று வினாடி உழைப்பு மறைகிறது. எதிரேயிருப்பவர் நம்மைக் கவனிக்கவும், தலையசைக்கவும், அல்லது வேண்டாமென்று கையசைக்கவும் கிடைத்திருந்த வினாடிகளும் அவையே. இதற்கு வசதி என்று பெயர். வசதி பாவமன்று. வசதியை வசதி என்றே சொல்லுங்கள் என்பதுதான் நம் வேண்டுகோள்.

விலையையும் சொல்லிவிடுவோம். மேற்கூறிய காமிரா வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 5,995 டாலர்; அன்றைய மாற்று விகிதத்தில் நான்கு இலட்சம் ரூபாய்க்கும் அதிகம். அந்நிறுவனத்தின் அடையாளமான சிவப்புப் பொட்டு இதில் இல்லை. எழுத்துகளின் சிவப்பும் சாம்பல் நிறமாக்கப்பட்டிருக்கிறது. தன்னை மறைத்துக்கொள்ளும் அடக்கமாம்! ஆனால் விவரமறிந்தவர் எவரும் அந்தப் பொட்டில்லா நெற்றியைப் பத்தடி தூரத்திலேயே இனங்கண்டுகொள்வர். நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிக்கொள்ளுமாறு ஆண்டவர் பணித்தது, நோன்பு பிறர் கண்ணில் படாதிருப்பதற்காக. நோன்பை மறைக்கும் எண்ணெயே நோன்பின் விளம்பரமாகும் நாள் வருமென்று பரிசேயர்கூட எண்ணியிருக்க மாட்டார்கள்.

நம் பெற்றோரின் தலைமுறையிலும் லென்ஸைக் கழற்ற முடியாத காமிரா இருந்தது. ஆக்ஃபா கிளிக் 3 என்று பெயர். நம் நாட்டிலேயே தயாரிக்கப்பட்டு எளிய குடும்பங்களுக்கும் கிடைத்த பெட்டிக் காமிரா அது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். பலரும் அதில் கறுப்பு-வெள்ளைச் சுருளையே இட்டார்கள். வண்ணச் சுருளுக்கும் அதைக் கழுவுவதற்கும் கொடுக்கப் பணமில்லை. புதுநன்மை வாங்கிய பிள்ளைகளையும், கன்னியர் மடத்துக்குப் புறப்பட்ட மகளையும் அதில்தான் எடுத்தார்கள். பன்னிரண்டு படங்களில் ஒன்றும் வீணாகக் கூடாதென்று கிழக்கே பார்த்து நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்கள். அவர்களில் எவரும் தாம் வண்ணத்தைத் துறந்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இல்லாமை அவர்களுக்கு வாய்த்திருந்தது. அதையே இலட்சங்கள் கொடுத்து வாங்குகிறவர் அதற்குப் புனிதப் பெயரும் சூட்டும்போது நமக்குச் சினம் எழுவது நியாயமே.

கறுப்பு-வெள்ளைக்கு நாம் பகைவர் அல்லர் என்பதையும் இங்கே கூறியாக வேண்டும். 1898 மே 28 இரவில், செக்கோந்தோ பியா என்னும் வழக்கறிஞர் தூரின் நகரத்து ஆண்டவரின் போர்வையைப் படமெடுத்த கண்ணாடித் தகட்டைக் கழுவியபோது, எதிர்மறைத் தகட்டில் ஒரு முகம் நேர்ப்படமாக எழுந்ததைக் கண்டு திகைத்தார். அப்போர்வையின் தொன்மை பற்றித் திருச்சபை தீர்ப்புக் கூறவில்லை, 1988-இல் நடந்த கரிமச் சோதனை அதை இடைக்காலத்தைச் சேர்ந்ததென்றது, விவாதம் முடியவில்லை. எப்படியாயினும், ஒளியும் நிழலும் மட்டுமே பேசும்போது மனிதர் மண்டியிடக்கூடும் என்பதை அந்த இரவு காட்டிற்று. ஆனால் அதிலிருந்து, வண்ணம் மலிவானது, கறுப்பு-வெள்ளையே ஆன்மிகமானது என்று முடிவுகட்டுவது பிழை. 2004 ஆழிப்பேரலைக்கு இரு நாட்களின்பின் கடலூரில் ராய்ட்டர் நிறுவனத்தின் ஆர்க்கோ தத்தா எடுத்த படத்தை நினைத்துப் பாருங்கள். மணலில் முகங்குப்புற வீழ்ந்து, உள்ளங்கைகளை விரித்து அரற்றும் பெண். இறந்துபோன உறவினரின் கை மட்டும் சட்டத்தின் ஓரத்தில். அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் பட விருதைப் பெற்ற அது வண்ணப்படம். அவளுடைய சேலையின் நிறம் அவள் துயரத்தை ஒரு சிறிதும் குறைக்கவில்லை. சடலத்தை வெளியே விட்டுக் கையை மட்டும் உள்ளே விட்டதில்தான் அப்படத்தின் கண்ணியம் இருக்கிறது.

ஏழைகளின் முகங்களில் மட்டும் கறுப்பு-வெள்ளை ஏன் இத்தனை ஆவலோடு பாய்கிறது என்ற கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. நிறம் நீங்கியதும் சுருக்கங்கள் சிற்பமாகின்றன. கிழிந்த துணி ஓவியத்துணியாகிறது. இன்றைக்கு நம் பக்கத்துத் தெருவில் கூலி கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர், என்றோ எங்கோ வாழ்ந்த ஒரு பழங்காலத் துயரத்தின் அடையாளமாகிவிடுகிறார். அவர் அருகிலிருந்து அகற்றப்படுகிறார். அதன்பின் அவருக்கு நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, இரசிப்பதைத் தவிர. தொலைவை அளக்க மறந்த கருவியும் தொலைவைக் கூட்டும் நிறமின்மையும் ஒரே கையில் சேரும்போது நேரக்கூடிய ஆபத்து இது. நேர்ந்தே தீரும் என்று நாம் சொல்லவில்லை. நேராமல் காப்பது எதுவென்று கேட்கிறோம்.

அமெரிக்கரான யூஜின் ஸ்மித் கறுப்பு-வெள்ளையின் பெருங்கலைஞர்களுள் ஒருவர். நோட்டர்டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பயின்றவர். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிசோ என்னும் தொழிற்சாலை கலந்த பாதரச நஞ்சால், மீனுண்டு வாழ்ந்த மக்கள் உடல் முறுகிச் செத்தார்கள். அந்நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971-இல் அவ்வூருக்குப் போனார்கள், பார்த்துவிட்டுத் திரும்பவில்லை, வீடெடுத்து மூன்றாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார்கள். 1972 சனவரியில் நிறுவனத்தின் ஆட்கள் தாக்கியதில் ஸ்மித் கடுமையாகக் காயமுற்றார். கருவிலேயே நஞ்சுண்டு பிறந்த பதினைந்து வயது மகளைத் தாய் மடியில் ஏந்திக் குளிப்பாட்டும் படம் அவ்வாழ்வில் விளைந்தது. காண்பவர் எவருக்கும் இறந்த மகனை மடியில் ஏந்திய அன்னை மரியாவின் சிற்பம் நினைவுக்கு வரும். உலகின் மனச்சான்றை அது உலுக்கிற்று.

அக்கதையின் பிற்பகுதி பலருக்குத் தெரியாது. அம்மகள் 1977-இல் இறந்தாள். மகளை இனி ஓய்வெடுக்க விடவேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். ஸ்மித் அதற்குள் காலமாகியிருந்தார். 1998-இல் ஐலீன், அப்படத்தைப் பற்றி முடிவு செய்யும் உரிமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். புதிய வெளியீடுகளுக்கு அது தரப்படுவது நின்றது. பின்னாளில் அப்படம் மீண்டும் வெளிவந்தது குறித்து விவாதங்கள் எழுந்துள்ளன. அவற்றுள் நாம் நுழையவில்லை. நூற்றாண்டின் தலைசிறந்த நிழற்படங்களுள் ஒன்றை, படத்தில் இருப்பவளின் பொருட்டு விட்டுக்கொடுக்க ஒருவர் முன்வந்தார். துறவு என்ற சொல்லை இச்செயலுக்குத் தருவதில் நமக்குத் தயக்கமில்லை. திருவுருவங்களுக்குச் செய்யப்படும் வணக்கம் அவ்வுருவம் காட்டும் ஆளையே சென்று சேர்கிறது என்று 787-இல் கூடிய இரண்டாம் நிசேயாச் சங்கம் கற்பித்தது. புனிதர் படத்துக்கு மட்டுமா இது? குப்பை பொறுக்கும் சிறுவனின் படத்துக்கு நாம் தரும் பாராட்டு யாரைச் சென்று சேர்கிறது? பெரும்பாலும் எடுத்தவரைத்தான்.

இதை வெளியாருக்கு மட்டும் சொன்னால் போதாது. நம் விழா மலர்களையும் தவக்காலச் சுவரொட்டிகளையும் நாட்காட்டிகளையும் எடுத்துப் பாருங்கள். சுருக்கம் விழுந்த பாட்டி ஒருவர் செபமாலையோடு. வலை இழுக்கும் மீனவர் ஒருவர். செங்கல் சுமக்கும் சிறுமி ஒருத்தி. அனைத்தும் கறுப்பு-வெள்ளை, கீழே ஓர் இறைவசனம். அப்பாட்டியின் பெயர் என்ன? படம் அச்சானது அவருக்குத் தெரியுமா? ஒரு படி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? ஆயருக்கும் குருக்களுக்கும் பட விளக்கத்தில் பெயரும் பட்டமும் பிழையின்றி அச்சிடப்படும் அதே பக்கத்தில், ஏழைக்கு மட்டும் 'நம்பிக்கை' என்றோ 'காத்திருப்பு' என்றோ தலைப்பிட்டு விடுகிறோம். பெயர் கேட்பதற்கு நான்கு இலட்சம் ரூபாய்க் கருவி வேண்டாம். இரண்டு மீட்டர் தொலைவு வேண்டும்.

முதுமையால் பார்வை மங்கி, இரு உருவங்களும் ஒன்று சேரும் கணத்தைக் காண இயலாதவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. அவர்களுக்கு ஆட்டோஃபோகஸ் ஓர் அருங்கொடை. மகிழ்ச்சியோடு வாங்கட்டும், பயன்படுத்தட்டும். ஏற்கெனவே மாறிவிட்டவர்களிடமும் பழைய கருவிக்குத் திரும்புமாறு நாம் கோரவில்லை. அவர்கள் தம் கருவியோடு பாஸ்கா திருவிழிப்புக்கு வரட்டும். மின்விளக்குகள் அணைந்து, பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரிகள் மட்டும் எரியும் அவ்வேளையில், பளிச்சொளி எவருடைய செபத்தையும் குலைக்காமல் முகங்களைப் பதிவு செய்ய இன்று அதைவிடத் தகுந்த கருவி இல்லை. இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழப்பொன்றுமில்லை. மேலும், அந்தக் கழற்ற முடியாத லென்ஸின்மீது மீட்டர் எண்கள் பொறித்த வளையம் ஒன்றை அதைச் செய்தவர்கள் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். தானியங்கும் நிலையிலிருந்து அதைச் சற்றே திருப்பினால் போதும்; எதிரே திரியேந்தி நிற்பவர் எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கிறார் என்பதை மறுபடியும் கையாலேயே அளக்கலாம்.